எந்தத் துறையில் கடலைக் கடப்பது?

ஐரோப்பாவின் தேசப்படத்தை எடுத்து எதிரே விரித்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே ஒரு நீலப் பட்டை தெரிகிறதல்லவா? அதுதான் ஆங்கிலக் கால்வாய். பெயர்தான் கால்வாய், உண்மையில் அது கடல். கிழக்கே டோவருக்கும் பிரான்சின் கலே நகருக்கும் இடையே சுமார் 33 கி.மீ. ஆகக் குறுகியிருக்கிறது. மேற்கே போகப் போக அகன்று, அட்லாண்டிக் பெருங்கடலோடு கலந்துவிடுகிறது.

கோடை விடுமுறையில் இங்கிலாந்துக் குடும்பங்கள் பல, கேரவனோடு இக்கடலைக் கடக்கின்றன. கேரவன் என்பது சக்கரங்களின் மேல் அமைந்த சிறு வீடு. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதில் உண்டு. காரின் பின்புறம் மாட்டி இழுத்துச் செல்வார்கள்.

பிரிஸ்டல் நகரில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பிரான்சின் மேற்குக் கோடியில், பிரிட்டனிப் பகுதியிலுள்ள கேம்பேர் நகருக்கு அவர்கள் போக வேண்டும். எந்தத் துறைமுகத்தில் கப்பலேறுவது? "கடல் குறுகலான டோவரில்தான்" என்பீர்கள். அவசரப்படாதீர்கள்! கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கேரவனை இழுக்கும் கார் பிரிட்டனின் அகலச் சாலைகளிலும் மணிக்கு 96 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது. சராசரி வேகம் 70 கி.மீ. என்று கொள்வோம்.

முதல் வழி: பிரிஸ்டலிலிருந்து டோவர் சுமார் 330 கி.மீ.; கலேயிலிருந்து கேம்பேர் சுமார் 700 கி.மீ. ஆக, தரைவழி 1,030 கி.மீ. இதற்கு ஏறத்தாழ 15 மணி நேரம். கப்பலில் ஒன்றரை மணி. மொத்தம் 16½ மணி நேரம்.

இரண்டாம் வழி: பிரிஸ்டலிலிருந்து தென்மேற்கே பிளிமத் துறைமுகம் சுமார் 190 கி.மீ.; அக்கரையில் ரோஸ்காஃப் துறைமுகத்திலிருந்து கேம்பேர் சுமார் 100 கி.மீ. தரைவழி 290 கி.மீ. மட்டுமே, ஏறத்தாழ 4 மணி நேரம். பகல் கப்பலில் சுமார் 6 மணி. மொத்தம் 10 மணி நேரம்!

கடல் தூரம் பல மடங்கு கூடியும் பயண நேரம் குறைந்துவிட்டது, பார்த்தீர்களா? அதுமட்டுமல்ல. கப்பலில் செல்லும் 6 மணி நேரமும் காரோட்டிக்கு ஓய்வு. முதல் வழியிலோ, கனமான கேரவனை இழுத்துக்கொண்டு, பழக்கமில்லாத வலப்பக்கச் சாலையில் அவர் 700 கி.மீ. ஓட்ட வேண்டும். பின்னால் பாரம் இருந்தால் வண்டி நிற்கக் கூடுதல் தூரம் தேவை. களைத்த கண்களுக்கு இது ஆபத்தான வேலை. நீண்ட கப்பல் பயணத்துக்குக் கட்டணம் பெரும்பாலும் அதிகம்தான். ஆனால் பெட்ரோல், சாலைச் சுங்கம், வழியில் இரவு தங்கும் செலவு ஆகியவற்றையும் எதிர்ப்பக்கத்தில் எழுதினால்தான் கணக்கு நேராகும்.

மேற்கு வழியில் ஒரு தொல்லை உண்டு. அட்லாண்டிக்கின் நீண்ட அலைகள் அங்கே தடையின்றி வந்து கப்பலை ஆட்டும். அறைக்குள் அமர்ந்திருப்பவரின் கண், "எல்லாம் அசையாமல் இருக்கிறது" என்கிறது. உட்செவியோ, "ஆடுகிறோம்" என்கிறது. இந்த முரண்பாட்டில் மூளை குழம்புவதால்தான் குமட்டல் வருகிறது. இதற்கு என்ன செய்வது? ஏற்றப்பலகையில் விளையாடியிருப்பீர்கள். நுனியில் ஆட்டம் அதிகம்; நடுவில் குறைவு. கப்பலும் அப்படித்தான். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளமொன்றில் அமருங்கள். இல்லையேல் மேல்தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பாருங்கள்.

கப்பலே வேண்டாம் என்பவர்களுக்குச் சுரங்கப்பாதை இருக்கிறது. 1994-இல் திறக்கப்பட்ட அதன் நீளம் 50 கி.மீ.; அதில் 38 கி.மீ. கடலுக்கு அடியில். காரையும் கேரவனையும் ரயில் பெட்டிக்குள்ளேயே ஓட்டிச் சென்று நிறுத்தலாம். 35 நிமிடத்தில் அக்கரை! ஆனால் சுரங்கப்பாதையும் டோவருக்கு அருகிலேயே தொடங்குகிறது. ஆகவே நம் குடும்பத்தின் 1,030 கி.மீ. தரைவழியில் பெரிய மாற்றம் இராது.

எந்த வழியில் போனாலும் ஒரு விதி பொது. கேரவனின் சமையல் எரிவாயு உருளையை நன்றாக மூடிவிட வேண்டும். அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது; தரையோடு தேங்கி நிற்கும். மூடிய கப்பல் தளத்திலும் ரயில் பெட்டியிலும் ஒரு சிறு பொறி போதும், விபத்து நேர!

இனி உங்களுக்கு ஒரு கணக்கு. அதே குடும்பம் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகருக்குப் போக வேண்டுமானால் எந்தத் துறைமுகம் நல்லது? தேசப்படத்தின் அளவுகோலைக் கொண்டு தூரங்களை அளந்து, இரு வழிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். விடை மாறுகிறதா?