ஹார்மனி: வேறுபட்ட ஒலிகள் பொருந்தும் முறை

தமிழில் ஒத்திசைவு, இயைபு, இணக்கம், நல்லிணக்கம் எனச் சூழலுக்கேற்ப வழங்கப்படும் ‘ஹார்மனி’ என்னும் ஆங்கிலச் சொல், தச்சுத் தொழிலிலிருந்து இசைக்கு வந்த சொல்லாகும். மூட்டுவாய் எனப் பொருள்படும் ‘ஹர்மோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லோடு தொடர்புடைய ‘ஹர்மோனியா’, ஹோமரின் ஒடிசி காவியத்தில் தெப்பத்தின் மரங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் பொருத்துகளைக் குறிக்கிறது. பின்னர் நரம்புக் கருவிகளுக்குச் சுருதி கூட்டும் முறைக்கும் சுர வரிசைக்கும் அதுவே பெயராயிற்று. இலத்தீன், பிரெஞ்சு மொழிகளின் வழியாக 14ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்தை அடைந்தது.

எதிரெதிராக இழுக்கும் விசைகள் ஒன்றையொன்று தாங்கி நிற்பதே ஹர்மோனியா என்று கருதிய கிரேக்கத் தத்துவ அறிஞர் ஹெராக்ளிட்டஸ், அதற்கு வில்லையும் யாழையும் சான்றாகக் காட்டினார். அவ்விரண்டும் ஒரே கருவியில் கூடியிருப்பதைத் திருநெல்வேலிச் சீமையின் வில்லுப்பாட்டில் காணலாம். சுடலைமாடன் கோயில் கொடைகளில் பாடப்படும் இக்கலையில், மணிகள் கட்டிய பெரிய வில்லை மண் குடத்தின் மேல் பொருத்தி, அதன் நாணைப் புலவர் வீசுகோலால் அடித்துக் கதையைப் பாட, குடம், உடுக்கை, தாளம், கட்டை ஆகியன சேர்ந்தொலிக்கப் பின்பாட்டுக்காரர்கள் அடியை வாங்கிப் பாடுவர். ஒவ்வொரு கருவியின் குரலும் தனித்துக் கேட்கும் நிலையிலேயே அனைத்தும் ஒரே தாளத்தில் நிற்பதுதான் வில்லிசைக் குழுவின் தேர்ச்சி.

சுரங்கள் தம்முள் பொருந்துவதற்கு அளவுண்டு. ஒரே பருமனும் ஒரே இறுக்கமும் உடைய தந்தியின் முழு நீளத்தை மீட்டினால் எழும் ஒலியைச் சட்சமாகக் கொண்டால், அதே தந்தியின் மூன்றில் இரண்டு பங்கு பஞ்சமத்தையும், நான்கில் மூன்று பங்கு சுத்த மத்திமத்தையும், பாதி நீளம் மேல் சட்சத்தையும் தரும். மேலைநாட்டார் இவ்விகிதங்களைப் பித்தகோரசின் பெயரோடு சேர்த்துப் பேசுவர். தமிழ் மரபு இவ்வுறவுகளுக்கு மனித உறவுகளின் பெயர்களையே சூட்டியது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு சுரங்களில், நின்ற சுரத்திற்கு ஐந்தாவது கிளை, நான்காவது நட்பு, மூன்றாவதும் ஆறாவதும் பகை என்று சிலப்பதிகார உரை வகுக்கிறது. இடைக்கால ஐரோப்பியரும் தொடக்கத்தில் மூன்றாம், ஆறாம் சுரங்களை முழுமையாகப் பொருந்தாதவை என்றே கருதினர் என்பது ஒப்புநோக்கத் தக்கது.

இப்பழைய இலக்கணத்தை மீட்டெடுத்து விளக்கியோருள் முதன்மையான ஆபிரகாம் பண்டிதர், தாமிரபரணியின் துணையாறான சிற்றாற்றுப் படுகையில், இன்றைய தென்காசி மாவட்டத்துச் சாம்பவர் வடகரையில் 1859இல் பிறந்தவர். தஞ்சையில் சித்த மருத்துவராக விளங்கிய அவர், 1912 முதல் இசை மாநாடுகளைக் கூட்டி, மேலை இசையையும் முறையாகப் பயின்று, 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை வெளியிட்டார். சட்சம் முதல் மேல் சட்சம் வரையான ஒரு தானத்தில் சுருதிகள் எனப்படும் நுண்ணிடைவெளிகள் 22 உண்டு என்ற இசை நூலாசிரியர் சாரங்கதேவரின் கொள்கையை மறுத்து, சிலப்பதிகாரப் பாலை முறைகளை ஆதாரமாகக் காட்டி 24 என நிறுவ முயன்றது அந்நூல். அதன் முடிவுகளை ஏற்போரும் மறுப்போரும் உண்டெனினும், தமிழிசையின் பொருத்த இலக்கணத்தைக் கணக்கிட்டு ஆராய்ந்த பெருமை அதற்கு உரியது.

இன்றைய இசைத் துறையில் ‘ஹார்மனி’ என்பது, வெவ்வேறு சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்யும் கலையைக் குறிக்கிறது. பாளையங்கோட்டையில் மிஷனரி இரேனியசின் காலத்தில் 1826இல் எழுந்து, மக்களால் ஊசிக் கோபுரம் என அழைக்கப்படும் தூய திரித்துவப் பேராலயத்தின் திருச்சபை மரபில் இக்கலையைக் கேட்கலாம். மேலை மெட்டில் அமைந்த பாமாலையைப் பாடகர் குழு சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என நான்கு குரல்களாகப் பிரிந்து பாடும்போது, பாஸ் சட்சத்திலும் டெனர் பஞ்சமத்திலும் ஆல்டோ காந்தாரத்திலும் சோப்ரானோ மேல் சட்சத்திலும் நிற்க, நான்கும் கூடி ஓர் ஒலித்திரளாகின்றன. அதே வழிபாட்டில் இராகத்திலும் தாளத்திலும் அமைந்த கீர்த்தனை பாடப்படுகையில் அனைவரும் ஒரே மெட்டில் ஒன்றுகின்றனர். கீர்த்தனையிலும் கோயில் நாகசுவரத்திலும் பொருத்தம் வேறு வகையில் அமைகிறது: தம்புராவோ ஒத்தோ இடையறாது ஒலிக்கும் சுருதியோடு, அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு சுரமும் உறவு கொள்கிறது. ஆகவே தமிழிசையில் ஹார்மனி இல்லை என்று கூறுவது முழு உண்மையாகாது. ஓரிசை மரபில் பொருத்தம் சுருதி வழியாகவும், பல்லிசை மரபில் குரல்களின் சேர்க்கை வழியாகவும் நிகழ்கிறது என்பதே சரியான விளக்கம்.

இசைக்கு வெளியிலும் இச்சொல் பரந்து வழங்குகிறது. ஓவியத்தில் நிறங்களின் இயைபையும், சமூகத்தில் மத நல்லிணக்கத்தையும் அது குறிக்கிறது. கடைகளின் ஜி.எஸ்.டி. பட்டியலில் அச்சாகும் எச்.எஸ்.என். குறியீட்டின் முதல் எழுத்தும் இச்சொல்லிலிருந்து வந்ததே; நாடுகள் தத்தம் சுங்க அட்டவணைகளைப் பொருத்திக்கொள்வதற்காக 1988இல் நடைமுறைக்கு வந்த உலகளாவிய சரக்கு வகைப்பாட்டைச் சார்ந்தது அக்குறியீடு. இப்பயன்பாடுகள் அனைத்திலும் வேறுபட்டவை தம் இயல்பை இழக்காமல் அளவோடு பொருந்துதல் என்னும் கருத்தே ஊடாடுகிறது.

கிளை, நட்பு, பகை என்னும் இலக்கணமும் நாற்குரல் பாட்டும் அருகருகே வாழும் பகுதி, பொருநை எனப்படும் தாமிரபரணியின் கரை. இங்குள்ள இசைப் பள்ளிகள் கருணாமிர்த சாகரத்தின் அடிப்படைப் பகுதிகளை எளிய பாடங்களாக்கி மாணவருக்குக் கற்பிக்க வேண்டும். திருச்சபைப் பாடகர் குழுக்களின் பயிற்சியையும் அவர்கள் நேரில் கேட்டறிய வழிசெய்ய வேண்டும். இரு மரபுகளையும் செவியால் அறிந்த தலைமுறையே ஒத்திசைவு என்னும் சொல்லைப் பொருளுணர்ந்து வழங்கும்.