நிழல் இல்லாத சந்துகளுக்கு ஒரு மரம்

ஆடி பிறந்தால் போதும், ஊருக்கு ஊர் மரம் நடு விழாக்கள் ஆரம்பமாகிவிடும். மாலை, மைக்செட், போட்டோ எல்லாம் தடபுடல்தான். கன்று எங்கே நடப்படுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா, சகோதரிகளே? பெரும்பாலும் பள்ளிக்கூட வளாகம், ஆபீஸ் வளாகம், இல்லாவிட்டால் ஏற்கெனவே மரங்கள் நிற்கிற அகலமான வீதி. நிஜமாகவே நிழல் தேவைப்படுகிற சந்துக்குள் யாரும் நுழைவதில்லை. கார் போகாதே!

எங்கள் பள்ளிகொண்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பாலாற்றங்கரை ஊர், உத்திர ரங்கநாதர் பள்ளிகொண்ட இடம். ஊரை ஒட்டிப் போகும் பெங்களூர் சாலையின் இரண்டு பக்கமும் ஒரு காலத்தில் புளியமரங்கள் பந்தல் போட்டாற்போல் நின்றன. சாலையை அகலமாக்கியபோது அவை போயின. கத்திரி வெயிலில் வேலூர்ப் பக்கம் 40 டிகிரியைத் தாண்டுவது சர்வ சாதாரணம். வெயில் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் சூடு ஒன்றல்ல. மரமுள்ள வீதியில் மாடி வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு சூடு. ஷீட் போட்ட லைன் வீட்டில், வாசற்படியில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறவளுக்கு வேறு சூடு. மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த வீட்டில் தூளித் துணியைத் தொட்டுப் பாருங்கள், அதுகூடச் சுடும். உள்ளே கிடப்பது கைக்குழந்தை. வேர்க்குருவும் காய்ச்சலும் வராமல் என்ன செய்யும்?

இது நம் ஊரில் மட்டும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 108 நகரங்களை ஆராய்ந்து 2020ல் ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். 1930களில் 'இந்தப் பேட்டைக்குக் கடன் கொடுக்காதே' என்று வரைபடத்தில் சிவப்பு மசியால் ஒதுக்கிவைத்த பகுதிகள் உண்டு. கறுப்பின மக்களும் ஏழைகளும் அங்கே ஜாஸ்தி. அந்தப் பகுதிகள் மற்ற இடங்களைவிட இன்றைக்கும் சராசரியாக 2.6 டிகிரி அதிகம் சுடுகின்றனவாம். காரணங்களில் முக்கியமானது, மரம் கிடையாது, எங்கு பார்த்தாலும் தாரும் சிமெண்டும்தான். அவ்வளவு பணக்கார தேசத்திலேயே இந்தக் கதி!

மரம் எப்படிச் சூட்டைக் குறைக்கிறது? வெயில் தரையிலும் சுவரிலும் விழாமல் தடுக்கிறது. அதோடு, வேர் உறிஞ்சிய தண்ணீரை இலைகள் ஆவியாக வெளியே விடுகின்றன. மண்பானையில் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அதே கணக்குத்தான். ஷீட் நிழல் வேறு, வேப்ப நிழல் வேறு என்று நம் ஆயாமார்கள் சும்மாவா சொன்னார்கள்!

எங்கள் பக்கத்துக்கும் மரத்துக்கும் ஒரு பழைய பந்தம் உண்டு. தோல் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் அந்தக் காலத்தில் உபயோகம். பின்னால் குரோமியம் வந்தது. கழிவுநீர் பாலாற்றிலும் நிலத்திலும் சேர்ந்தது. தோல் தொழில் பகுதியில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பாழானதாக உச்ச நீதிமன்றமே 1996 ஆகஸ்டில் கொடுத்த தீர்ப்பில் எடுத்துச் சொன்னது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இங்கே பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. எந்தக் கன்றை வேண்டுமானாலும் வைத்துவிட்டு அது பிழைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

உப்பைத் தாங்குவதில் புங்கன், பூவரசு, வேம்பு மூன்றும் கெட்டி. புங்கனுக்கு முதல் மார்க் கொடுப்பேன். அடர்த்தியான நிழல், ஆடு மாடும் அவ்வளவாக வாய் வைக்காது. பூவரசில் ஒரு சௌகரியம், காசே வேண்டாம்! கை மணிக்கட்டுப் பருமனில் ஆறடிப் போத்து ஒன்றை வெட்டி மழைக்காலத்தில் நட்டால் துளிர்த்துவிடும். ஆட்டுக்கும் எட்டாது. பிள்ளைகளுக்குப் பீப்பீ ஊத இலையும் ஆச்சு. மின்கம்பி போகிற பக்கம் பெரிய மரம் வேண்டாம். பவளமல்லி, கறிவேப்பிலை, செம்பருத்தி என்று சின்னதாகவே வையுங்கள். இல்லாவிட்டால் வருஷா வருஷம் கம்பி வேலைக்கு வருகிறவர்கள் பாதி மரத்தை வெட்டிப்போட்டுவிட்டுப் போவார்கள்.

பார்க்க அழகாக, சீக்கிரம் வளருகிறது என்று சிலர் கோனோகார்பஸ் வைக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். மூச்சுத் தொல்லை, வேர் போய்க் குழாயைக் கெடுப்பது என்ற காரணங்களுக்காகக் குஜராத் அரசு 2023ல் அதற்குத் தடையே போட்டது. 2016 டிசம்பர் 12ல் வர்தா புயல் அடித்தபோது சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தனவே, அவற்றில் குல்மொஹர் போன்ற வெளிநாட்டு வகைகள் ஏராளம்.

நடுவது ஒரு நாள் வேலை. காப்பாற்றுவதுதான் மூன்று வருஷ வேலை. இதைப் புரிந்துகொண்டவர் கென்யாவின் வங்காரி மாத்தாய் அம்மையார். 1977 ஜூன் 5ஆம் தேதி நைரோபியில் ஏழே கன்றுகளோடு ஆரம்பித்தார். கிராமத்துப் பெண்களைக் கொண்டே நாற்று வளர்க்கச் சொன்னார். நட்டதற்கு அல்ல, பிழைத்த ஒவ்வொரு கன்றுக்கும்தான் சிறு தொகை! இப்படிக் கோடிக்கணக்கில் மரங்கள் வளர்ந்தன. 2004ல் நோபல் சமாதானப் பரிசும் கிடைத்தது. நம் சென்னையிலும் கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையில் குப்பை கொட்டிக் கிடந்த இடத்தை 'நிழல்' என்ற அமைப்பு 2006 முதல் பாடுபட்டு நம் நாட்டு மரங்கள் நிறைந்த மரப்பூங்காவாக மாற்றிக் காட்டியது.

எங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள லைன் வீட்டுச் சந்தில் நாங்கள் ஆறேழு பெண்கள் சேர்ந்து, பேரூராட்சியில் சொல்லிவிட்டு, ஒன்பது கன்று வைத்தோம். முதல் நாளே ஒரு ஆயா, "ஆடு துன்னுட்டுப் பூடும், உனுக்கு ஏம்மா இந்த வேலை?" என்றார். இன்னொரு பெண், "நாங்க வாடகை வூட்ல இருக்கிறவங்கக்கா. இன்னிக்கு இங்க, நாளைக்கு எங்கயோ. மரம் வச்சு யாருக்கு?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். "நீ இங்க வந்து எத்தினி வருஷம்?" என்றேன். "பதினோரு வருஷம்" என்றாள்! வந்த வருஷமே ஒரு புங்கன் வைத்திருந்தால் இன்றைக்கு அதன் கீழே உட்கார்ந்து பீடி சுற்றியிருப்பாளே! அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இன்றைக்கு அவள் வாசல் கன்றுதான் எல்லாவற்றிலும் உயரம்.

குப்பை விழும், கொசு வரும் என்பார்கள். கொசு வருவது மரத்தால் அல்ல, தேங்கிய சாக்கடையால். இலை குப்பைதான், ஒப்புக்கொள்கிறேன். கன்றின் அடியிலேயே ஒதுக்கிவிட்டால் அது எருவாகும்.

குழி இரண்டடிக்கு இரண்டடி, ஆழமும் இரண்டடி. கட்டட இடிபாடு வந்தால் அள்ளிப் போட்டுவிட்டுச் செம்மண்ணும் மக்கிய சாணி எருவும் கலந்து நிரப்புங்கள். சாக்கடைச் சுவரை விட்டு மூன்றடியாவது தள்ளி இருக்கட்டும். சுற்றிலும் முள் வேலி கட்டாயம். இரும்புக் கூண்டு கிடைத்தால் நல்லதுதான், ஆனால் மரம் பருத்ததும் மறக்காமல் கழற்றிவிட வேண்டும். கம்பி பட்டையை நெரித்துவிடும்.

தண்ணீருக்கு எங்கே போவது? அரிசி கழுவின நீர், காய்கறி அலம்பின நீர் போதும். சோப்பு கலந்தது மட்டும் கூடாது. கோடையில் ஒரு பழைய மண்பானையின் அடியில் ஓட்டை போட்டு, துணித் திரி செருகி, கன்றின் பக்கத்தில் கழுத்துவரை புதைத்து மூடிவையுங்கள். நிரப்பினால் இரண்டு மூன்று நாளைக்குக் கசிந்துகொண்டே இருக்கும். எங்கள் சந்தில் கன்றுக்கு மூன்று வீடு என்று முறை வைத்திருக்கிறோம். ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை முறை. அவர்கள் பிள்ளைகள் மற்ற நாளும் ஊற்றிவிடுகிறார்கள்.

ஒன்பதில் ஆறு நிற்கின்றன. ஒன்றை ஆடு தின்றது, ஒன்றின் மேல் வேன் ஏறியது, ஒன்று எதனால் பட்டது என்றே தெரியவில்லை. அந்த மூன்று குழிகளையும் மூடாமல் எருவைப் போட்டு வைத்திருக்கிறோம். இந்த ஆடி மழைக்குப் பூவரசம் போத்து தருவதாக அதே ஆயா சொல்லியிருக்கிறார்.