கடாரம் எங்கே? நூலகத்தில் தேடுவோம்



ராஜேந்திர சோழன் கடாரம் கொண்டவன் என்று திருவிழா மேடையிலும் பள்ளி நாடகத்திலும் கேட்டிருக்கிறோம். பல்கலைக்கழகத்துக்குப் போன நம் பிள்ளை அதையே கட்டுரையில் எழுதினால், விரிவுரையாளர் ஒரு கேள்வி கேட்பார்: “இதற்கு ஆதாரம் என்ன?” கோபத்தில் பிறக்கும் கேள்வியன்று அது. சரித்திரப் படிப்பின் முதல் பாடமே அதுதான். அந்த ஆதாரத்தைப் பல்கலைக்கழக நூலகத்தில் எப்படித் தேடுவது என்பதை இன்று பார்ப்போம்.

இது நமக்குப் புதிய பழக்கமன்று. சம்பளத்தில் ஒருநாள் வேலை குறைந்திருந்தால், அவர் சொன்னார், இவர் சொன்னார் என்றா வாதாடுவோம்? செக்ரோலைக் காட்டச் சொல்வோம். அன்றன்று எழுதிய பதிவுக்கு உள்ள மதிப்பு பிறகு வந்த பேச்சுக்கு இல்லை. சரித்திரத்துக்கும் செக்ரோல் உண்டு. கல்வெட்டும் செப்பேடும் அத்தகையவையே.

நூலகத்துக்குள் நுழைந்ததும் அலமாரி வரிசைகளைக் கண்டு மலைக்க வேண்டாம். முதலில் நூற்பட்டியலைப் பார்க்க வேண்டும். முன்பு சிறு இழுப்பறைகளில் அட்டைகளாக இருந்த பட்டியல் இன்று கணினியில் இருக்கிறது. ஆசிரியர் பெயர், நூலின் பெயர், பொருள் என்ற மூன்றில் எதைக் கொண்டும் தேடலாம். கடாரம் என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிடக் கூடாது. கெடா, சோழர், ஸ்ரீவிஜயம், பூஜாங் பள்ளத்தாக்கு என்றும் தேட வேண்டும். நூலின் முதுகில் ஒட்டியுள்ள எண்ணைக் கொண்டு அலமாரிக்குப் போனால், அதே பொருள் பற்றிய மற்ற நூல்களும் பக்கத்திலேயே நிற்கும். அவற்றையும் புரட்டிப் பார்ப்பது நல்லது.

நூல் கையில் கிடைத்ததும் அது வெளிவந்த ஆண்டைப் பார்க்க வேண்டும். வின்சென்ட் ஸ்மித் எழுதிய இந்தியப் பழஞ்சரித்திர நூல் 1904இல் முதன்முதலாக வெளிவந்து, பல பதிப்புகள் கண்டது. அது கடாரத்தைப் பர்மாவில் கொண்டுபோய் வைத்தது. பிறகு ஜார்ஜ் செடெஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் ஸ்ரீவிஜய அரசைப் பற்றி 1918இல் எழுதிய கட்டுரை வந்தது. அதன் பின்னரே கடாரம் என்பது நம் கெடா வட்டாரம் என்ற கருத்து நிலைபெற்றது. பழைய நூலை மட்டும் படித்த பிள்ளை கடாரம் பர்மாவில் இருந்தது என்றே எழுதியிருக்கும். அச்சில் இருப்பதெல்லாம் முடிந்த முடிவாகிவிடாது.

அடுத்தது அடிக்குறிப்பு. பக்கத்தின் கீழே சிறிய எழுத்தில் இருப்பதால் பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மூல ஆதாரத்துக்கு வழிகாட்டும் கைகாட்டி மரம் அதுதான். நீலகண்ட சாஸ்திரியார் சோழர்களைப் பற்றி எழுதிய நூலின் அடிக்குறிப்புகளைப் பின்பற்றினால், ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ என்னும் தொகுதிகளுக்குப் போய்ச் சேருவோம். அங்கே தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு அச்சாகியிருக்கிறது. கடல் கடந்து சென்ற சோழர் படை வென்ற ஊர்களை அது வரிசையாகச் சொல்கிறது. அந்தப் படையெடுப்பு 1025ஆம் ஆண்டை ஒட்டி நடந்தது என்பர்.

ஆனால் அது வென்ற மன்னனின் புகழைச் சொல்லும் மெய்க்கீர்த்தி. செக்ரோலை எழுதியவர் யார் பக்கம் நிற்பவர் என்றும் யோசிப்பவர்கள் நாம். அதுபோலவே, வேறு ஆதாரம் உண்டா என்றும் தேட வேண்டும்.

உண்டு. ஆனைமங்கலச் செப்பேடு 21 ஏடுகளைக் கொண்டது. ஹாலந்து நாட்டின் லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடு என்றும் பெயர் பெற்றது. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய பௌத்த விகாரத்துக்கு, ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரைத் தானமாகக் கொடுத்ததை அது கூறுகிறது. அந்தத் தானத்தை ராஜேந்திரனே நிலைபெறச் செய்தான். போருக்கு ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன்பு இரு நாடுகளுக்கும் இப்படி ஓர் உறவு இருந்திருக்கிறது. மேடைப் பேச்சோடு நின்றிருந்தால் போரை மட்டுமே அறிந்திருப்போம்.

பழைய ஆய்விதழ்களையும் மறக்கக் கூடாது. 1936, 1937ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் என்பவர் தம் மனைவியோடு கெடாவில் அகழ்வாராய்ச்சி செய்தார். அவருடைய அறிக்கை, ராயல் ஆசியக் கழகத்தின் மலாயாக் கிளை நடத்திய இதழில் 1940இல் வெளிவந்தது. கண்டெடுத்த பழங்கட்டடங்களுக்கு அவர் எண்கள் இட்டார். 11ஆம் எண்ணுடைய கோயில் சுங்கை பத்து தோட்டத்தில் இருந்தது. நம்மைப் போன்ற தொழிலாளர் வேலை செய்த மண் அது. நில மேம்பாட்டு வேலையின்போது அந்த இடம் இடிக்கப்பட்டதை 2013இல் நாடே அறிந்து வருந்தியது. கட்டடம் போய்விட்டது; அதைப் பற்றி எழுதிவைத்த ஏடுகள்தாம் நூலகத்தில் இருக்கின்றன. எழுதிவைப்பதும், எழுதியதைத் தேடிப் படிப்பதும் எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பெற்றோரே, பிள்ளை நூலகத்தில் நாள் முழுதும் உட்கார்ந்திருந்தால் பொழுதை வீணாக்குவதாக எண்ண வேண்டாம். மாணவர்களே, படித்ததைக் குறிக்கும்போது ஆசிரியர், நூல், ஆண்டு, பக்கம் ஆகிய நான்கையும் எழுதுங்கள். எதுவும் விளங்காவிட்டால் நூலக அலுவலரைக் கேளுங்கள். உதவுவது அவர் கடமை. பல்கலைக்கழகத்தில் சேராதவர்களும் அனுமதி பெற வழி உண்டா என்று முன்கூட்டியே விசாரிக்கலாம். கோலாலம்பூர் தேசிய நூலகமும் மாநிலப் பொது நூலகங்களும் பொதுமக்களுக்காகவே இருக்கின்றன.

நம் முன்னோர் இந்த மண்ணில் என்ன செய்தார்கள் என்பதைக் கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம். ஆதாரத்தோடு சொல்ல நம் பிள்ளைகள் கற்றுக்கொள்ளட்டும். அந்தப் பேச்சை எவரும் தள்ளிவிட முடியாது.