நடைபழகும் பிள்ளையும் கணக்காளர் தேர்வும்



நம்மிடம் படித்த மாணவி ஒருத்தி. சிம்பாங் பூலாயில் குடியிருந்து ஈப்போவில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறாள். “டீச்சர், ஏ.சி.சி.ஏ. பாதியில நிக்குது. பிள்ளைக்கு ஒன்றரை வயசு. இனிமே முடியுமா?” என்று கேட்டால் என்ன சொல்வோம்? “முயற்சி பண்ணும்மா” என்பது மட்டும் போதாது. கணக்குப் போட்டே பதில் சொல்லலாம்.

பிள்ளையை யார் பார்ப்பது என்பதுதான் முதல் கேள்வி. அது நமக்குப் புதிதல்ல. விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போன நம் பாட்டிமார், பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் வேலைக்காட்டுக்குப் போனார்கள். தோட்டம் போய்த் தாமான் வந்தபோது கொட்டகையும் போய்விட்டது. இன்று அந்த இடத்தில் இருப்பது தாஸ்கா, இல்லாவிட்டால் பாட்டி. புத்தகம் வாங்குவதற்கு முன் இதைப் பேசி முடிக்க வேண்டும்.

1. தேர்வின் அமைப்பை அறிதல்

இப்போதைய அமைப்பில் ஏ.சி.சி.ஏ.வில் 13 தாள்கள்: அடிப்படை நிலை 3, திறன் நிலை 6, உயர்நிலை 4. தேர்ச்சி மதிப்பெண் 50. முதல் மூன்று தாள்களையும் தேர்வு மையத்தில் நமக்குத் தோதான நாளில் எழுதலாம். மற்றவை பெரும்பாலும் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என நான்கு பருவங்களில் வரும். 2027-இல் அமைப்பு மாறும் என்று அறிவித்திருக்கிறார்கள். பதிவு செய்யுமுன் புதிய விவரத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: ஏழாண்டுக் காலக்கெடு உயர்நிலைக்கு மட்டும்தான். அதன் முதல் தாளில் தேறிய நாளிலிருந்து அது ஓடத் தொடங்கும். எனவே பிள்ளைக்காக வேகத்தைக் குறைப்பதானால், அதற்கு முந்திய நிலைகளில் குறைப்பதே புத்திசாலித்தனம். ஆண்டுச் சந்தாவை மட்டும் விட்டுவிடக் கூடாது.

2. நிமிடத்தை மதிப்பெண்ணாகப் பார்த்தல்

திறன் நிலைத் தாள்களில் பெரும்பாலானவை 3 மணி நேரம், 100 மதிப்பெண். அதாவது ஒரு மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம். செயல்திறன் மேலாண்மை, நிதி அறிக்கை, நிதி மேலாண்மை ஆகிய மூன்று தாள்களிலும் 60 மதிப்பெண், இரண்டிரண்டு மதிப்பெண் கேள்விகள். மீதி 40, இரண்டு பெரிய கேள்விகள்.

இரண்டு மதிப்பெண் கேள்விக்கு ஏறக்குறைய மூன்றரை நிமிடம் போதும். சோறு வேகும்போது ஒன்று, பிள்ளை தண்ணியில விளையாடும்போது பக்கத்திலேயே இருந்து வாய்க்கணக்காக ஒன்று என்று முடித்துவிடலாம். 20 மதிப்பெண் கேள்விக்கு 36 நிமிடம் இடையூறில்லாமல் வேண்டும். அதைப் பிள்ளை தூங்கும் நேரத்துக்கு ஒதுக்க வேண்டும். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள்: பிள்ளை தூங்கிட்டான்னா பாடத்துக்குக் கோடு போட்டுப் படிப்பார்கள், பெரிய கேள்வி கடைசி வாரம் வரை அப்படியே கிடக்கும்.

நாளுக்கு ஒன்றரை மணி நேரம், வாரம் ஆறு நாள், 12 வாரம் என்றால் 108 மணி நேரம். பருவத்துக்கு ஒரு தாள், அதற்கு மேல் வேண்டாம். ஆண்டுக்கு இரண்டு தாள் எழுதினாலும் திறன் நிலை மூன்றாண்டில் முடியும்.

3. நினைவில் நிறுத்துதல்

கற்றது எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-இலேயே அளந்து காட்டினார். இடைவெளி விட்டுப் படிப்பதும், புத்தகத்தை மூடிவிட்டுத் தானே கேள்வி கேட்டுக்கொள்வதும் நினைவை வலுப்படுத்தும் என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் உறுதிப்படுத்தின. வகுப்பில் நாம் செய்யும் மீள்பார்வையும் இதுதான். துண்டு துண்டாகக் கிடைக்கும் தாயின் நேரம் இந்த முறைக்குப் பொருந்தும். ஆகவே “தொடர்ந்து உட்கார முடியலையே” என்று அவள் கலங்க வேண்டியதில்லை.

4. பிள்ளையின் பங்கு

ஒன்று, இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டி. ஒரு வயதில் திரையே வேண்டாம், இரண்டு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் சொல்கிறது. அம்மா படிப்பதற்காகக் கைப்பேசியைப் பிள்ளை கையில் கொடுப்பது தீர்வாகாது. அப்பா தினமும் ஒரு மணி நேரம் பிள்ளையை வெளியே அழைத்துப்போவது தீர்வு. இதை அப்பாவிடமும் நாம் சொல்லலாம்.

5. சட்டமும் வரியும்

2023 ஜனவரி 1 முதல் தொழிலாளர் சட்டப்படி நெகிழ்வான வேலை நேரம் கேட்டு எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணமும் தர வேண்டும். வருமான வரியில் சொந்தக் கல்விக் கட்டணத்துக்கு 7,000 வெள்ளி வரையும், பதிவு பெற்ற தாஸ்காவுக்கு 3,000 வெள்ளி வரையும் விலக்கு உண்டு. ரசீதுகளைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.

6. பள்ளி செய்யக்கூடியது

சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் பள்ளி நூல்நிலையத்தைத் திறந்து வைக்கலாமா என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பேசிப் பாருங்கள். ஒரு மூலையில் தாய்மார் படிக்கட்டும். மறுமூலையில் பாட்டிமார் பிள்ளைகளுக்குக் கதை சொல்லட்டும். அந்தப் பிள்ளைகள்தான் இன்னும் ஐந்தாறு ஆண்டில் நம் முதலாம் ஆண்டு வகுப்பில் வந்து உட்காரப் போகிறவர்கள்.