முகூர்த்தத்துக்கு ரீ-டேக் கிடையாது!

கல்யாணம் நிச்சயமான பிரம்மச்சாரிகளே... ஒரு நிமிஷம் இப்படி வாங்க!

மண்டபத்தை மூணு தடவை போய்ப் பார்க்கிறோம். சாம்பாரை ருசி பார்க்காமல் சமையல்காரருக்கு அட்வான்ஸ் தருவதில்லை. ஆனால், போட்டோகிராபர்? 'பக்கத்து சீட்காரர் சொன்னாரு'ன்னு ஒரே போனில் முடித்துவிடுகிறோம். சாப்பாடு சாயங்காலத்துக்குள் ஜீரணமாகிவிடும். படம்தான் சார், பேரன் காலம் வரைக்கும் நிற்கும்!

தங்கை கல்யாணத்துக்காக ஏழெட்டு ஸ்டூடியோ ஏறி இறங்கியவன் என்ற தகுதியில் சொல்கிறேன்...

எங்கே போனாலும் முதலில் ஒரு ஆல்பத்தை நீட்டுவார்கள். அசந்துடாதீங்க! அது பல கல்யாணங்களில் பொறுக்கியெடுத்த முத்து. 'ஒரே கல்யாணத்தோட படம் மொத்தத்தையும் காட்டுங்க'ன்னு கேளுங்கள். மங்கின வெளிச்சம், ஹோமப் புகை, முண்டியடிக்கும் சொந்தக்காரர்கள்... இத்தனைக்கும் நடுவே தாலி ஏறும் அந்தச் சில விநாடி பளிச்சென்று விழுந்திருக்கிறதா? அதுதான் பரீட்சை!

அடுத்த கேள்வி, 'இதை எடுத்தவரேதான் எங்க கல்யாணத்துக்கும் வருவாரா?' பெரிய முகூர்த்த நாளில் ஒரே ஸ்டூடியோ மூணு மண்டபத்துக்கு ஆள் அனுப்பும். வரப்போகிறவர் பெயரை எழுதி வாங்குங்கள்.

'கேண்டிட்', 'ட்ரெடிஷனல்'னு ரெண்டு ரகம் உண்டு. முதலாமவர், அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வதை ஓரமாக நின்று எடுப்பார். இரண்டாமவர், மேடையில் வரிசையாக நிறுத்தி எடுப்பார். ஸ்டைலுக்காக முதலாமவரை மட்டும் அமர்த்தினால், பெரியப்பா குடும்பம் ஆல்பத்தில் இருக்காது. ஆயுசுக்கும் பேச்சு வாங்கப்போவது மாப்பிள்ளைதான்!

கூட்டத்தில் உங்கள் பாட்டி எந்தப் பாட்டி என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவசியம் எடுக்கவேண்டிய பத்துப் பேரை எழுதிக் கொடுத்து, உறவுமுறை தெரிந்த சித்தப்பா பையனைக் கூடவே நிறுத்துங்கள். அடுத்த விசேஷத்துக்கு எந்தப் பெரியவர் இருப்பாரோ, யார் கண்டது?

ஆல்பம் எத்தனை பக்கம், கூடுதல் பக்கத்துக்கு என்ன ரேட், எந்தத் தேதிக்குள் கைக்கு வரும், ஆல்பத்தில் சேராத படங்களும் கிடைக்குமா... எல்லாம் பேப்பரில் வரட்டும். ஒரே சமயத்தில் ரெண்டு மெமரி கார்டில் பதியும் கேமராவா என்று கேளுங்கள். ஒன்று மண்டையைப் போட்டாலும் மற்றது காப்பாற்றும். கடைசித் தவணை, ஆல்பம் கைக்கு வந்த பிறகே!

ஒரு சட்ட பாயின்ட்... 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரைக்கும்தான்! ஆகவே, ஸ்டூடியோ நீட்டும் தாளில் பொடி எழுத்தையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கடைசியாக, ராத்திரி ரிசப்ஷன், விடிகாலை முகூர்த்தம் என்றால் அந்த மனுஷருக்குப் படுக்க ஒரு இடமும், வேளைக்குச் சாப்பாடும் கொடுங்க. தாலி கட்டும் நேரத்தில் நடுங்குவதற்கு உங்க கை ஒண்ணே போதாதா?