பியூஸ் கட்டையும் ஜாவாவின் அணுகல் வரம்புகளும்

செராமிக் பட்டறையில் சுட்ட பியூஸ் கட்டையை வாங்கும் மின்பணியாளருக்கு அதன் திருகாணித் துளைகள் எவ்வளவு இடைவெளியில் உள்ளன என்பது தெரிந்தால் போதும். களிமண்ணோடு பெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் எந்த விகிதத்தில் சேர்ந்தன என்பது அவருக்குத் தேவையில்லை. ஆகவே கலவையைப் பட்டறைக்காரர் நாளையே மாற்றிக்கொள்ளலாம். துளையை அரை அங்குலம் நகர்த்தினாலோ, பழைய பலகை எதிலும் புதிய கட்டை பொருந்தாது. நிரலின் ஒரு பகுதியை வேறு எந்தப் பகுதிகள் பயன்படுத்தலாம் என்று வரையறுக்கும் ஜாவா மொழியின் அணுகல் வரம்புகள், இந்த வேறுபாட்டையே இலக்கண விதியாக்கியவை.

ஜாவா நிரல் இனக்குழுக்களால் ஆனது. தரவையும் அதன்மீது இயங்கும் செயற்கூறுகளையும் ஒன்றாகக் கட்டிய அமைப்பு இனக்குழு. தொடர்புள்ள இனக்குழுக்களைச் சேர்த்துவைத்த தொகுதி பேக்கேஜ். இனக்குழுவிலுள்ள தரவு, செயற்கூறு போன்ற ஓர் உறுப்பின் முன் ‘பிரைவேட்’ என்று எழுதினால் அந்த இனக்குழுவின் உடலுக்குள் மட்டுமே அதைத் தொட முடியும். எதுவும் எழுதாமல் விட்டால் அதே பேக்கேஜில் உள்ள எல்லா இனக்குழுக்களும் தொடலாம். ‘புரொடெக்டட்’ என்றால் அவற்றோடு, வெளிப் பேக்கேஜில் பிறந்த வாரிசு இனக்குழுக்களும் சேரும். ‘பப்ளிக்’ என்றால் பேக்கேஜ் அளவில் தடையே இல்லை. தனித்து நிற்கும் இனக்குழுவுக்கோ இவற்றில் இரண்டே உண்டு: பப்ளிக், அல்லது எதுவும் எழுதாத பேக்கேஜ் அளவு. பப்ளிக் இனக்குழுவின் பெயரே அதன் கோப்பின் பெயராகவும் இருக்க வேண்டும் என்பதை, நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் தொகுப்பி கண்டிப்புடன் பார்க்கிறது.

விருத்தாசலத்துக்கும் நெய்வேலிக்கும் இடைப்பட்ட கம்மாபுரம் போன்ற ஊர்களில், கணினி அறிவியலை எடுத்துப் படிக்கும் மாணவர் இந்தச் சொற்களை முதலில் சந்திப்பது பதினொன்றாம் வகுப்பின் சி++ பாடத்தில். கல்லூரியில் ஜாவாவுக்கு வரும்போது அந்தப் பழக்கம் இரண்டு இடங்களில் இடறச் செய்கிறது. சி++ இனக்குழுவில் எதுவும் எழுதாவிட்டால் உறுப்பு பிரைவேட். ஜாவாவில் அது பேக்கேஜ் முழுவதற்கும் திறந்தது. சி++ புரொடெக்டட் வாரிசுகளுக்கு மட்டும் உரியது. ஜாவாவிலோ அதே பேக்கேஜின் அண்டை இனக்குழுக்களுக்கும் உரியது என்பதால், பெயர் காப்பைச் சுட்டினாலும் எதுவும் எழுதாத நிலையைவிட அது தளர்வானது. பெயர் சற்று ஏமாற்றுவதுதான். பிரைவேட் என்றால் இனக்குழுவிலிருந்து உருவாகும் ஒவ்வொரு பொருளும் தன் தரவைத் தானே பூட்டி வைத்திருக்கிறது என்ற எண்ணமும் தவறு; வரம்பு இனக்குழுவுக்குரியது, ஆகையால் ஒரே இனக்குழுவைச் சேர்ந்த இரு பொருள்களில் ஒன்றின் செயற்கூறு மற்றதன் பிரைவேட் தரவைத் தாராளமாகப் படிக்கலாம்.

இந்த வரம்புகளைத் திருட்டுக்கு எதிரான பூட்டாகக் கருதுவது இன்னும் பெரிய பிழை. இயங்கும்போதே நிரலின் அமைப்பை ஆராய உதவும் ரிஃப்ளெக்ஷன் வசதியால் பிரைவேட் உறுப்பையும் பல வேளைகளில் எட்டிவிட முடியும். வரம்பு காப்பது இரகசியத்தையன்று, எழுதியவர் பின்னால் மாற்றிக்கொள்ளும் உரிமையை.

அந்த உரிமை கைநழுவினால் என்ன ஆகும் என்பதை ஜாவாவை உருவாக்கியவர்களே பட்டறிந்தனர். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் தன் உள்வேலைக்கென வைத்திருந்த பேக்கேஜ்களில் ‘பேஸ்64என்கோடர்’ என்ற இனக்குழு இருந்தது; பைட்டுகளை எழுத்துகளாக மாற்றுவது அதன் பணி. ஜாவாவின் வேறு பேக்கேஜ்களும் அதை அழைக்க வேண்டியிருந்தால் பப்ளிக் ஆக்குவதைத் தவிர அன்றைய மொழியில் வழியில்லை. பப்ளிக் ஆனதோ உலகம் முழுவதற்கும் ஆனது. இது பின்னர் நீக்கப்படலாம் என்று தொகுப்பி எச்சரித்தபோதும் நிரலர்கள் அதையே பயன்படுத்தினர். முறையான மாற்று 2014-இல் ஜாவா 8 உடன்தான் வந்தது. 2017 செப்டம்பரில் வெளியான ஜாவா 9, பேக்கேஜ்களுக்கு மேல் மாட்யூல் என்ற அடுக்கை வைத்து, எந்தப் பேக்கேஜ் வெளியே தெரியலாம் என்று அறிவிக்கும் வழியைத் தந்தது. அதே பதிப்பில் அந்தப் பழைய இனக்குழுவும் நீக்கப்பட்டது. அதை நம்பி எழுதிய நிரல்களைத் திருத்தாமல் புதிய பதிப்புக்குக் கொண்டுவர முடியவில்லை.