கடைசிப் பக்கத்தில் தொடங்கும் அப்பத்தா

கல்லலில் எங்கள் அப்பத்தா துப்பறியும் நாவலைக் கையில் எடுத்தால் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டுவாள். கொலைகாரன் பெயரைப் பார்த்துக்கொள்வாள். "சரி, இவந்தானா" என்று மூக்குக்கண்ணாடியை முந்தானையில் துடைத்துவிட்டு, தூணில் சாய்ந்துகொண்டு முதல் பக்கத்தைத் தொடங்குவாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விடை தெரிந்த பிறகு என்ன கதை? "போடா. அவன் எப்படி எல்லாரையும் ஏமாத்துறான்னு பாக்க வேணாமா?" என்பாள். கொலைகாரனைச் சொல்கிறாள் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்குப் புத்தகப் பஞ்சம் இருந்ததில்லை. வார இதழ்த் தொடர்கதைகளைப் பக்கம் பக்கமாகப் பிரித்தெடுத்து, கோணி ஊசியால் தைத்து, காலண்டர் அட்டை போட்டு பைண்டு செய்வது அந்நாளைய வீடுகளில் ஒரு குடிசைத் தொழில். சங்கர்லாலைப் படைத்த தமிழ்வாணன் பக்கத்துத் தேவகோட்டைக்காரர் என்பதால் அவர்மேல் எங்கள் பக்கம் கொஞ்சம் கூடுதல் உரிமை. கறுப்புக் கண்ணாடியும் தொப்பியுமாக அவர். தேநீர் உள்ளே போனால்தான் துப்புத் துலங்கும் சங்கர்லால். 1968இல் குமுதத்தில் வந்த 'நைலான் கயிறு' வழியாக சுஜாதாவின் வக்கீல் கணேஷ் வந்து சேர்ந்தான். 80களில் ராஜேஷ்குமாரும் பட்டுக்கோட்டை பிரபாகரும் சுபாவும் பேருந்து நிலையக் கடைகளில் சரஞ்சரமாகத் தொங்கினார்கள். காரைக்குடியில் ஒன்றை வாங்கிக்கொண்டு ரயில் ஏறினால் தேவகோட்டை ரஸ்தா, அடுத்தது கல்லல். பிணம் கிடைத்த கையோடு இறங்கியாக வேண்டும். மிச்சக் கதை மண்டையைக் குடைய வீட்டுக்கு நடப்போமே, அந்தக் குடைச்சலைத்தான் உளவியலாளர்கள் நூறு ஆண்டாகத் துரத்திக்கொண்டிருக்கிறார்கள்.

1920களில் பெர்லினில் ப்ளூமா ஸைகார்னிக் என்ற மாணவி, ஆட்களிடம் சின்னச் சின்ன வேலைகளைக் கொடுத்து, பாதியைப் பாதியிலேயே பிடுங்கிக்கொண்டார். முடித்த வேலைகளைவிட முடியாதவைதான் அவர்கள் நினைவில் நன்றாக நின்றன என்று 1927இல் எழுதினார். பிறகு இதைச் செய்து பார்த்த பலருக்கு அதே முடிவு கிடைக்கவில்லை. ஆனால் அவருடைய தோழி மரியா ஓவ்ஸியான்கினா கண்டது இன்றும் நிற்கிறது: தடுக்கப்பட்ட வேலையை, யாரும் சொல்லாமலே, கை மறுபடி தேடிப் போகிறது. 'தொடரும்' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துத் தமிழ் வார இதழ்கள் பிழைத்தது இப்படித்தான். மறக்க மாட்டோம் என்பதல்ல, திரும்பி வருவோம் என்பதே பத்திரிகைக்காரரின் கணக்கு.

இந்த இடத்தில் சின்னக் கேள்வி ஒன்று. குருக்ஷேத்திரத்தில் பீமனுக்குத் தேரோட்டிய கண்ணன் சொன்ன கீதையில் மொத்தம் எத்தனை அத்தியாயம்? விடை மனதிலேயே இருக்கட்டும்.

ஒன்றுமே தெரியாத விஷயத்தில் நமக்கு ஆர்வம் பிறப்பதில்லை; முழுக்கத் தெரிந்ததிலும் இல்லை. தெரிந்ததற்கும் தெரிய வேண்டியதற்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் அரிப்பாகிறது என்று ஜார்ஜ் லோவன்ஸ்டீன் 1994இல் விளக்கினார். 2009இல் மின் ஜியோங் காங்கும் உடன் இருந்தவர்களும் பொது அறிவுக் கேள்விகளைக் காட்டி மூளையைப் படம்பிடித்தார்கள். ஆர்வம் கூடக் கூட, பரிசை எதிர்பார்க்கும்போது விழித்துக்கொள்கிற காடேட் பகுதி கேள்வியைப் பார்த்த மாத்திரத்தில் சுறுசுறுப்பானது. விடை வருவதற்கு முன்பே! அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. விடை சுத்தமாகத் தெரியாதபோதும் நிச்சயமாகத் தெரிந்தபோதும் ஆர்வம் தாழ்ந்தது. அரைகுறையாகத் தெரிந்தபோதுதான் உச்சத்தில் நின்றது. சந்தேகப்பட ஊரே இருந்தால் கதை சலிக்கும். ஒரே ஆள் இருந்தாலும் சலிக்கும். மாப்பிள்ளை, கணக்குப்பிள்ளை, டாக்டர் என்று மூன்று பேரைக் கட்டிப்போட்டு எழுதுகிறவர்கள் எந்த ஸ்கேனரையும் பார்த்து இதைக் கற்றுக்கொள்ளவில்லை.

கீதைக்கு வருவோம். 18 என்றுதானே சொன்னீர்கள்? எண்ணிக்கை சரி. ஆனால் கண்ணன் ஓட்டியது பீமன் தேரை அல்ல, அர்ச்சுனன் தேரை.

விவிலிய நோவாவின் பேழையை மோசேயின் பேழையாக்கி 1981இல் எரிக்சனும் மாட்சனும் இதே சோதனையைச் செய்தார்கள். கப்பலில் ஏறியவர் நோவா என்று நன்றாகத் தெரிந்தவர்கள்கூடப் பெரும்பாலும் ஏமாந்தார்கள். கேள்வி எதைச் சுட்டுகிறதோ அங்கே கவனம் குவிகிறது. பின்னணியில் கிடப்பது 'ஏறக்குறையச் சரி' என்றால் மூளை அப்படியே விழுங்கிவிடுகிறது. நல்ல துப்பறியும் கதை துப்பை மறைப்பதே இல்லை. மேசைமேல் பேனா, வெற்றிலைப்பெட்டி, மருந்துக்குப்பி, செய்தித்தாள் என்று அடுக்கிக்கொண்டே போய், அடுத்த வரியில் ஒரு பெண்ணை அலறவிடும். மருந்துக்குப்பியைப் பார்த்தோம், கவனிக்கவில்லை. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் கேத்தரின் எமட், அகதா கிறிஸ்டி துப்புகளைப் புதைத்துவைக்கும் இந்தத் தந்திரங்களை வரி வரியாக ஆராய்ந்திருக்கிறார்.

முதல் வாசிப்பில் இந்த வித்தை கண்ணில் படாது. நாமே ஏமாந்துகொண்டிருக்கும்போது ஏமாற்றுகிற கையை எப்படிப் பார்ப்பது? அப்பத்தா அதனால்தான் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். அவள் சொன்ன 'அவன்' கொலைகாரன் இல்லை, எழுதுகிறவன். 2011இல் சான் டியேகோவில் லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இருவர் 12 சிறுகதைகளைக் கொடுத்துச் சோதித்ததில், முடிவை முன்னதாகவே அறிந்தவர்கள்தான் கூடுதலாக ரசித்தார்கள், துப்பறியும் கதைகளிலும்கூட. அடுத்து வந்த சில ஆய்வுகள் நேர்மாறாகச் சொல்லியிருக்கின்றன. ஆகவே அப்பத்தா கட்சிக்கு முழு வெற்றி என்று அறிவிக்க மாட்டேன், வைப்புத்தொகை தப்பியது.

அவளும் ஒருமுறை தவித்துப் போனாள். பைண்டு செய்த ஒரு தொடரில் நடு வாரத்து அத்தியாயம் இல்லை. கொலைகாரன் யாரென்று தெரியும், ஆனாலும் உட்கார முடியவில்லை. அந்த வாரத்து இதழைக் கேட்டு வீடு வீடாக ஆள் அனுப்பினாள். கிடைக்காமல் போகவே, ஒருநாள் மத்தியானம் அந்த அத்தியாயத்தைத் தானே எனக்குச் சொன்னாள். இருட்டுத் தோட்டம், கிணற்றடியில் டார்ச் வெளிச்சம், பழக்கமான ஆளைக் கண்டு குரைக்காத நாய், எல்லாம் இருந்தது.

பல வருஷம் கழித்து அந்தத் தொடர் புத்தகமாகக் கிடைத்தது. முதல் வேலையாக அந்த அத்தியாயத்தைத்தான் பிரித்தேன். தோட்டம் இருந்தது. நாயே இல்லை.